மரச்சீனிக்கு விதை உண்டு

ஸ்மைலின் டீச்சர் சிரித்து யாரும் அதிகம் பார்த்ததில்லை. பெயர் வைத்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை. நாற்பத்திரண்டு வருடங்களுக்கு முன்னால், தொட்டிலில் கிடந்தபோது, அந்தப் பிள்ளை சிரித்திருக்கக்கூடும். மணவாளக்குறிச்சி மணல் ஆலையில் எழுத்தராக இருந்தவரின் மகள். வீட்டைச் சுற்றிலும் மணல். தென்னையைத் தவிர வேறெதுவும் அங்கே விருப்பத்தோடு வளர்ந்ததாக அவளுக்கு நினைவில்லை. கல்யாணமாகி மேற்கே, சிதறால் பக்கத்தில், எதைக் குத்தி வைத்தாலும் வேர் விடும் ஓர் ஊருக்கு வந்து சேர்ந்தாள். வந்த இரண்டாம் வருடம் கிறிஸ்தவக் கோயில் வளவுக்குள்ளேயே இருந்த சபைப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. ஐந்து வகுப்பு, இருபத்தாறு பிள்ளைகள், இரண்டே ஆசிரியர்கள். ஒன்றும் இரண்டும் தலைமையாசிரியர் சத்தியநேசன் சாருக்கு. மூன்றும் நான்கும் ஐந்தும் ஸ்மைலின் டீச்சருக்கு. அவை ஒரே கூடத்தில் மூன்று திசை பார்த்து உட்கார்ந்திருக்கும்.

பதினேழு வருடமாக அவள் நடத்திய பாடங்களில் அவளுக்கே மிகவும் பிடித்தது பச்சைத் தாவரங்கள். பச்சையம் என்ன செய்கிறது, வேர் எதைக் குடிக்கிறது, இலை எப்படிச் சமைக்கிறது என்று சொல்லத் தொடங்கினால் மூன்று திசையும் அவள் பக்கம் திரும்பிவிடும். இத்தனைக்கும் அவள் கையால் நட்ட ஒரு செடியும் ஆண்டு நிறைவு கண்டதில்லை. ரோஜா பட்டது. கறிவேப்பிலை பட்டது. குப்பியும் தண்ணீரும் இருந்தால் போதும், அதற்குச் சாகவே தெரியாது என்று பக்கத்து வீட்டுப் பிரீனா கொடுத்த மணி பிளான்ட், ஸ்மைலின் வீட்டுக்கு வந்து சாகக் கற்றுக்கொண்டது. "நீ பாடம் நடத்து, போதும், பக்கத்தில போவாத" என்பார் கணவர் ஜான்ரோஸ். மார்த்தாண்டத்தில் பெயின்ட் கடை வைத்திருப்பவர். எது எவ்வளவு நாள் தாங்கும் என்பதில் அவருக்கு அனுபவம் உண்டு.

பாடத்துக்குச் செய்முறையும் உண்டு. ஒவ்வொரு ஜூலையிலும் சிரட்டையில் நனைத்த பஞ்சு, பஞ்சின்மேல் சிறுபயறு. மூன்றாம் நாள் முளை, ஐந்தாம் நாள் இரண்டு இலை, ஏழாம் நாள் நாற்றம், எட்டாம் நாள் குப்பை. பூவும் காயும் மறுபடியும் விதையும் சுவரில் தொங்கும் அட்டையில் நடந்தேறும். பஞ்சில் கிடப்பதால் அதற்குப் பிள்ளைகள் ஆஸ்பத்திரிப் பயறு என்று பெயர் வைத்திருந்தார்கள். டீச்சருக்கு அது தெரியும். தெரியாததுபோல் இருப்பதும் ஆசிரியப் பயிற்சியில் ஒரு பகுதிதான்.

அந்த வருடக் காலாண்டுத் தேர்வில் ஒரு கேள்வி வந்தது: உனக்குத் தெரிந்த ஒரு தாவரத்தின் வாழ்க்கைச் சுழற்சியைப் படம் வரைந்து விளக்குக. ஐந்தாம் வகுப்பில் நான்கு பேர். மூன்று பேர் பயறு வரைந்திருந்தார்கள். அபினா மரச்சீனி வரைந்திருந்தாள். மற்ற ஜில்லாக்காரர்கள் மரவள்ளி என்பார்களே, அது. ஒரு சாண் கம்பு, கம்பில் முளை, ஆள் உயரச் செடி, பிடுங்கிய கிழங்கு, மறுபடியும் ஒரு சாண் கம்பு. வட்டம் அழகாக மூடியிருந்தது. விதை மட்டும் எங்கும் இல்லை. டீச்சர் சிவப்பு மையில் ஒரு முட்டை போட்டாள்.

தாளைக் கொடுத்ததும் அபினா எழுந்து வந்தாள்.

"டீச்சர், இதுக்கு எதுக்கு முட்டை?"

"விதை எங்க?"

"மரச்சீனிக்கு ஏது டீச்சர் விதை? கம்பு நட்டா வரும்."

"எல்லாச் செடியும் விதையிலேருந்துதான் வரும். பாடத்துல படிச்சியா இல்லியா?"

"வாழை?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். நான்காம் வகுப்பு டிஜோ. அவன் வேறு திசை பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டியவன். "வாழைக்குக் கன்னு. ரப்பருக்கு ஒட்டு. நல்லமிளகுக்குக் கொடி."

"சேனைக்குச் சேனை!" என்றது மூன்றாம் வகுப்பு.

டீச்சர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். ரப்பர், வாழை, அதற்கப்பால் மரச்சீனி, அதற்கப்பால் மறுபடியும் ரப்பர். கண்ணுக்கெட்டிய வரை புத்தகத்தின் பேச்சைக் கேட்கிற செடி ஒன்றுகூட இல்லை. ஒரு காலத்தில் வயலாகக் கிடந்த இடத்திலும் இப்போது வாழைதான். இவ்வளவு பச்சைக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு பதினேழு வருடம் பஞ்சில் பயறு முளைக்க வைத்திருக்கிறோம் என்பது அவளுக்கு அன்றுதான் உறைத்தது. உறைத்தபோது மனிதர்கள் வழக்கமாகச் செய்வதையே அவளும் செய்தாள். குரலை உயர்த்தினாள்.

"மரச்சீனிக்கும் விதை உண்டு."

"எங்க டீச்சர்?"

மரச்சீனிக்கு விதை உண்டா இல்லையா என்று அந்த நிமிடம் அவளுக்குத் தெரியாது. "காட்டித் தாறேன். பள்ளிக்கூடம் அடைக்கதுக்கு மின்ன, விதையும் காட்டித் தாறேன், அது முளைக்கதையும் காட்டித் தாறேன்."

"நான் அஞ்சு டீச்சர். ஏப்ரல்ல போயிருவேன்."

"அதுக்கு மின்ன."

அபினா இடத்துக்குப் போய் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு அதை எழுதிக்கொண்டாள். பத்து வயதில் அப்படி எழுதிக்கொள்கிறவர்கள் பிற்காலத்தில் வக்கீலாகலாம், இல்லையென்றால் மாமியாராகலாம்.

அன்று சாயங்காலம் ஸ்மைலின் கைபேசியில் தேடினாள். மரச்சீனிக்குப் பூ உண்டு. காய் உண்டு. காய்க்குள் மூன்று விதை உண்டு. ஆமணக்கு விதைபோலப் புள்ளி போட்டது. படத்தைப் பார்த்ததும் அவளுக்கு வந்த நிம்மதியை ஜான்ரோஸ் சிரிப்பு என்றே தப்பாக நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை எல்லார் முன்னிலையிலும் அபினாவின் தாளை வாங்கி, முட்டையை அடித்து, ஐந்துக்கு ஐந்து போட்டாள். "உனக்குத் தெரிந்த தாவரம்னுதான் கேள்வி. டீச்சருக்குத் தெரிந்த தாவரம்னு கேக்கல்ல. நீ வரைஞ்சது சரி."

அபினா தாளைப் பார்த்தாள். "மார்க்கு சரி டீச்சர். விதை?"

விவகாரம் அங்கே முடிந்திருக்கலாம். விதை இல்லாத மரச்சீனிக்கு முழு மதிப்பெண் கொடுத்துவிட்டு, அதே மரச்சீனியின் விதையைத் தேடிப் போவது அறிவுக்குப் பொருந்துகிற காரியமா என்று கேட்டால், இல்லைதான். ஆனால் உண்டு என்று சொல்லியாயிற்று. கைபேசிப் படத்தைக் காட்டியிருக்கலாமே என்றால், அவள் காட்டவும் செய்தாள். "போன்ல யானையும் பறக்கும் டீச்சர்" என்றான் டிஜோ.

சனிக்கிழமை அபினாவின் அப்பா ஞானதாசனின் விளைக்குப் போனாள். இரண்டு ஏக்கர் மரச்சீனி. அவர் களை வெட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க டீச்சர். என்ன, பிள்ள எதாம் பறஞ்சாளா?"

"இல்லண்ணே. மரச்சீனி பூத்திருக்கான்னு பாக்க வந்தேன்."

ஆடு முட்டையிட்டதா என்று கேட்டவரைப் பார்ப்பதுபோல அவர் பார்த்தார். "பூவா? முப்பது வருசமா நட்டுப் பிடுங்குதேன். ஒத்தப் பூ கண்டதில்ல."

அவர் பொய் சொல்லவில்லை. அவருடையது வியாபாரிகள் விரும்பும் ஜாதி. கிளையே இல்லாமல் ஒரே கம்பாக வானத்தைப் பார்த்துப் போகும். செடி எந்த இடத்தில் கவையாகப் பிரிகிறதோ அந்த இடத்தில்தான் பூக்கும் என்று அவள் படித்திருந்தாள். பிரியாதது பூக்காது.

"கவை விடுத ஜாதி எங்கயாம் உண்டா?"

"அது கிழங்கு கொள்ளாதே டீச்சர், நாரு. அத இப்ப ஆரு நடுவா?" கொஞ்சம் யோசித்தார். "ஒங்க பள்ளிக்கூடத்துக்குப் பொறத்த, சமையலுக்கு நிக்க செல்லபாய் அக்கா ஆறு மூடு வச்சிருக்கா. அது அந்த ஜாதிதான். நல்லத அவ வைக்கமாட்டா."

சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால், கோயில் மதிலை ஒட்டி, ஆறு மூடு மரச்சீனி நின்றது. ஒவ்வொன்றும் இடுப்பு உயரத்தில் கவை விட்டு, கவையின் நுனியில் மறுபடியும் கவை விட்டிருந்தது. அந்த நுனிகளில் இலை மறைவில் வெளிறிய பூக்கள். இரண்டு மூன்று பிஞ்சுகள்கூடத் தெரிந்தன. வகுப்பறை ஜன்னலிலிருந்து இருபது அடி தூரம்.

செல்லபாய் பாத்திரம் கழுவிய தண்ணீரை அவற்றுக்கு ஊற்ற வந்தாள். "இந்தக் காயா டீச்சரே? பச்சைப் பட்டாணி கணக்கா, மூலை மூலையா இருக்கும். வருசா வருசம் காய்க்கும். வெயில்ல படபடன்னு வெடிக்கும். முதல்ல நான் சட்டிதான் பொட்டுதோன்னு ஓடி வந்து பாத்தேன்."

"பதினேழு வருசமா எனக்ககிட்டச் சொல்லல்லியே அக்கா!"

"நீங்க கேக்கல்லியே. நீங்க பயறுல்லா வளப்பிய."

"அதுதான் விதை."

"வெதையா? கொள்ளாமே! கம்பு நிக்கும்பம் வெதை எதுக்கு?"

இந்தக் கேள்விக்கு அறிவியலில் பதில் உண்டு. செல்லபாய்க்கு அது தேவைப்படவில்லை. பிள்ளைகளுக்காக என்றதும், காய் முற்றும்வரை பிடுங்குவதில்லை என்று சம்மதித்தாள். "பெருச்சாளி தின்னா எனக்கத் தலையில போடப்பிடாது" என்று ஒரு நிபந்தனையோடு.

அடுத்த மூன்று மாதம் பச்சைத் தாவரப் பாடம் சமையல்கூடத்தின் பின்னால் நடந்தது. எந்தப் பூ ஆண், எந்தப் பூ பெண் என்று பிள்ளைகள் டீச்சருக்கு முன்னாலேயே கண்டுபிடித்தார்கள். வெடித்தால் விதை எங்கே தெறிக்கும் என்று சொல்ல முடியாதே. அதனால் பிரீனா வீட்டுப் பழைய கொசுவலையை வெட்டிச் சின்னச் சின்னப் பையாகத் தைத்துக் காய்க்கொத்துக்கு ஒன்றாக மாட்டினார்கள். கட்டுவதற்கு நூல் போதாமல் அபினாவும் மற்றப் பெண்பிள்ளைகளும் சடை ரிப்பனை அவிழ்த்துக் கொடுத்தார்கள். டிசம்பர் முடிவில் ஆறு மூட்டிலும் பதினான்கு வெள்ளைப் பைகள், பதினான்கு சிவப்பு ரிப்பன்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதுதான் வினையானது.

ஸ்மைலின் டீச்சர் பெருச்சாளியை யோசித்தாள், மழையை யோசித்தாள், டிஜோவை யோசித்தாள். சபையை யோசிக்கவில்லை.

ஜனவரிக் கடைசி ஞாயிறு அறுப்பின் பண்டிகை. வீட்டுக்கு வீடு முதல் விளைச்சலைக் கொண்டுவந்து கோயிலில் படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம் நடக்கும். ஒரு பப்பாளிக்காயைப் போட்டிபோட்டு ஆட்டுக்குட்டியின் விலைக்கு ஏற்றிவிடுவது இங்கே பக்தியின் ஒரு கிளை. கோயில் வளவுக்குள் நிற்கிற விளைச்சலைச் சபைக் கமிட்டி சனிக்கிழமையே எடுத்து வைத்துவிடும். அந்த வருடம் அந்தப் பொறுப்பு ஞானதாசனுக்கு. செல்லபாய் கருங்கல் ஊரிலிருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள்.

நாலாவது பெஞ்சில் உட்கார்ந்து முதல் பாட்டுக்குத் தலை நிமிர்த்தியபோதுதான் ஸ்மைலின் பார்த்தாள். பலிபீடத்துக்கு இடப்பக்கம், வாழைக்குலைக்கும் பலாவுக்கும் நடுவில், கிழங்கு கழுவிய ஆறு மூடு மரச்சீனி சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. வேரோடு, இலையோடு, வெள்ளைப் பையோடு, சிவப்பு ரிப்பனோடு.

போதகர் ஜெபத்தில் அதைக் குறிப்பிடவும் செய்தார். சிறு பிள்ளைகள் தங்கள் சின்னக் கைகளால் அலங்கரித்துக் கொண்டுவந்த இந்தக் காணிக்கைக்காக ஸ்தோத்திரம் என்றார். சபை முழுக்க ஆமென் என்றது, இரண்டு பேரைத் தவிர. இன்னொரு ஆள் பாடகர் குழுவில் நின்ற அபினா. அவள் பாட்டுப் புத்தகத்தைப் பார்க்கவில்லை, டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆராதனையின் நடுவில் எழுந்து, அது பாடம், காணிக்கை அல்ல என்று சொல்கிற துணிச்சல் ஸ்மைலினுக்கு இருந்தது. வழக்கம் இல்லை. ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். கும்பலை விலக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தபோது மரச்சீனி ஏலம் போய் முடிந்து, ஞானதாசன் வெட்டுகத்தியோடு நின்றார். ஒரு கம்பையும் வீணாக்க அவருக்கு மனசு வராது. கிழங்கு தனியாக, கம்பு சாண் சாணாக.

"அண்ணே, நிறுத்துங்க! தலப்பு எங்க?"

"என்ன டீச்சர், கிழங்கு வேணுமா? அத பெமிலாவுக்க வீட்டுக்காரரு பிடிச்சாச்சே."

"கிழங்கு வேண்டாம். இலையிருந்த தலப்பு. பை கெட்டியிருந்தோமே!"

"ஆடு கெட்டியிருக்குல்லா இஞ்ச? மரச்சீனி இலை தின்னா செத்துப்போவும்னு மதிலுக்கு அங்கிட்டு எறிஞ்சாச்சு."

"அது விதைக்காக நிப்பாட்டினது அண்ணே. பிள்ளையளுக்குப் பாடத்துக்கு. ஒங்க மவ சொல்லல்லியா?"

ஞானதாசனின் முகம் மாறியது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. "டீச்சர், நீங்களே பறையுங்க. கோயில் வளவில நிக்கு. வெள்ளை வலை போட்டு, சிவப்பு ரிப்பன் கெட்டி நிக்கு. விடிஞ்சா அறுப்பின் பண்டிகை. காணிக்கைன்னு நினைக்காம வேற என்னத்த நினைக்க? பிள்ளைய எவ்வளவு அழகாச் செஞ்சிருக்குன்னு நாலு பேருக்கிட்ட நானே பறஞ்சேன்."

அவர் சொன்னது முழுக்க நியாயம். அதனால்தான் அவளுக்குக் கோபம் இரண்டு மடங்கானது. பட்டுச் சேலையை இடுப்பில் செருகினாள். மதில் மார்பு உயரம். வாசல் வழியாகச் சுற்றிப் போகப் பத்து நிமிடம் ஆகும். வெயிலில் வாடினால் காய் உள்ளேயே கெட்டுவிடும் என்று அவளுக்கு ஒரு பயம். ஏலம் கூவிக்கொண்டிருந்தவர் வாய் திறந்தபடி நிற்க, சபைப் பள்ளிக்கூட ஆசிரியை மதிலேறிக் குதித்தாள். பின்னாலேயே பாடகர் குழுவின் வெள்ளை அங்கியோடு அபினாவும் குதித்தாள்.

அந்தப் பக்கம் ரப்பர் சரிவு. குப்பையும் சருகுமாகக் கிடந்த இடத்தில் சிவப்பு ரிப்பன் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. பதினொரு பை கிடைத்தது. எட்டில் காய் பச்சைப் பிஞ்சு, உதவாது. மூன்றில் காய் காய்ந்து வெடித்து விதை பைக்குள் கிடந்தது. ஒன்பது விதைகள். வீட்டில் தண்ணீரில் போட்டதில் இரண்டு மிதந்தன. ஏழு மூழ்கின.

ஏழு விதை, ஏழு எண்ணெய் டப்பா. சமையல்கூடத்து அடுப்புச் சுவரின் வெளிப்பக்கம் எப்போதும் இளஞ்சூடாக இருக்கும். மரச்சீனி விதைக்குச் சூடு பிடிக்கும் என்று படித்து அங்கே வரிசையாக வைத்தாள். மேலே அபினா ஒரு அட்டை எழுதி ஒட்டினாள்: காணிக்கை அல்ல. கறிக்கும் அல்ல. தொடாதே.

பிப்ரவரி போனது. ஒரு டப்பாவை டிஜோ தோண்டிப் பார்த்தான். "முளைக்கான்னு பாத்தேன் டீச்சர்." முளைக்கவில்லை, தோண்டிய பிறகு முளைக்கவும் இல்லை. இன்னொன்றை எறும்பு கொண்டுபோனது. மார்ச் பாதி ஆகியும் ஐந்து டப்பாவிலும் மண் மண்ணாகவே இருந்தது. ஸ்மைலின் தினமும் காலையில் பள்ளிக்கூடம் வந்ததும் முதலில் அங்கே போனாள். நடுநடுவே அபினா நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மூடுவாள். சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

சத்தியநேசன் சார் இளகிய மனசுக்காரர். பிள்ளைகள் ஏமாறுவதையும் சக ஆசிரியர் அவமானப்படுவதையும் அவரால் பார்க்க முடியாது. ஒரு நாள் இடைவேளையில் மெதுவாக ஆரம்பித்தார்.

"டீச்சர், ஆமணக்கு விதையும் ஏகதேசம் இப்பிடித்தானே இருக்கும்?"

"ஆமா சார்."

"இலையும் விரிஞ்ச கை கணக்காத்தான். அது பத்து நாள்ல முளைச்சிரும். ஒரு டப்பால ஒண்ண ஊணி விட்டா..."

"முளைச்சா அது மரச்சீனியா சார்?"

"இல்லதான். பிள்ளையளுக்குச் சந்தோசம்லா."

"எனக்கு விதை உண்டுன்னு காட்டணும் சார். சந்தோசம் பொறவு."

சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அறைக்கு வெளியே வருகைப் பதிவேட்டோடு அபினா நின்றதை இருவருமே கவனிக்கவில்லை.

மறுநாள் அடுப்புச் சுவருக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு டப்பா வந்திருந்தது. ஆமணக்கு என்று எழுதி ஒட்டியிருந்தது.

"இது எதுக்கு பிள்ளே?"

"ரெண்டும் ஒண்ணா வேறயான்னு பாக்கணும்லா டீச்சர். பொறவு முளைச்சா ஆமணக்குன்னு பறைவாவ. நம்ப மாட்டாவ."

யார் நம்பமாட்டார்கள் என்று டீச்சர் கேட்கவில்லை. கேட்கத் தேவையிருக்கவில்லை. பதினேழு வருடத்தில் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று பக்கத்தில் வைக்க வேண்டும் என்று அவள் எந்தப் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. இந்தப் பிள்ளை டீச்சரைச் சந்தேகப்பட்டுத் தானாகவே அதைக் கற்றிருந்தாள். வலித்தது. ஆனாலும் தண்ணீர் ஊற்றும்போது அந்த டப்பாவுக்கும் சேர்த்து ஊற்றினாள்.

ஆமணக்கு ஒன்பதாம் நாள் முளைத்தது. யாரும் கேட்காமலே கொழுகொழுவென்று வளர்ந்தது. அபினா அதை நாள் தவறாமல் படம் வரைந்தாள்.

ஏப்ரல் மாதம் இரண்டாம் தேதி செல்லபாய் கரண்டியோடு வகுப்பறை வாசலில் வந்து நின்றாள். "டீச்சரே, மண்ணு பொளந்திருக்கு!"

மூன்று வகுப்பும் ஓடியது. நாலாவது டப்பாவில் மண் விலகி, கொக்கிபோல வளைந்த ஒரு தண்டு. மூன்றாம் நாள் அது நிமிர்ந்து இரண்டு விதையிலையை விரித்தது. பிள்ளைகள் கூவினார்கள். டிஜோ, தான் தோண்டாததால்தான் முளைத்தது என்று உரிமை கொண்டாடினான். அபினா நோட்டைப் புரட்டிப் பழைய படத்தை டப்பாவுக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

"ஆமணக்கும் இந்தப் பருவத்தில இப்பிடித்தான் டீச்சர் இருந்தது."

உண்மைதான். இரண்டும் ஒரே குடும்பத்துச் செடிகள். குழந்தைப் பருவத்தில் அக்காளையும் தங்கையையும் பிரித்தறிய முடியாது.

"அடுத்த இலை வரட்டு" என்றாள் டீச்சர்.

இலை அவசரப்படவில்லை. முழுத்தேர்வு தொடங்கியது, முடிந்தது. கடைசி வேலை நாளில்தான் முதல் இலை சரியாக விரிந்தது. நகம் அளவு, மூன்று விரலாகப் பிரிந்தது. அன்று காலை ஞானதாசன் மகளின் மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்திருந்தார். அறுப்பின் பண்டிகைக்குப் பிறகு டீச்சர் முன்னால் நிற்க அவருக்குக் கூச்சம். வாங்கியதும் போய்விடலாம் என்றுதான் நினைத்திருந்தார். எல்லாரும் அடுப்புச் சுவரடியில் கூடியிருந்ததைப் பார்த்ததும் கால் தானாக அங்கே போயிற்று. குனிந்து உட்கார்ந்தார்.

"ஆமணக்கு இலை ஓரத்தில பல் உண்டு. இதுக்கு இல்ல" என்றாள் அபினா. "ஆனா சின்னதில அப்பிடித்தான் இருக்குமோ என்னமோ."

"பால் உண்டான்னு பாத்தியளா?" என்றார் ஞானதாசன்.

"பாலா?"

"மரச்சீனி எங்க கிள்ளினாலும் பால் வரும் டீச்சர். ஆமணக்குல தண்ணிதான்."

ரப்பர் ஊரில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. எல்லாரும் டீச்சரைப் பார்த்தார்கள். சத்தியநேசன் சார் பதறினார். "வேண்டாம் டீச்சர். இருக்கது ஒண்ணு. ரெண்டு மாசம் காத்திருந்து வந்தது. கிள்ளினா பட்டுப்போவும். விதையும் காட்டியாச்சு, முளையும் காட்டியாச்சு. போதும்லா?"

போதும் என்று சொல்ல அங்கே நின்ற யாருக்கும் தடையில்லை, அபினாவைத் தவிர. அவள் டப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இப்படியே விட்டால் இந்தப் பிள்ளை உயர்நிலைப் பள்ளிக்குப் போகும், கல்லூரிக்குப் போகும், அங்கெல்லாம் அரைச் சந்தேகமும் கூடவே போகும் என்று ஸ்மைலினுக்குத் தெரிந்தது.

"கிள்ளு அபினா."

"பட்டுப்போனா டீச்சர்?"

"போனா போட்டு. தெரிஞ்சுட்டுல்லா போவும். கிள்ளு."

அபினா முதலில் ஆமணக்கின் இலைக்காம்பைக் கிள்ளினாள். தெளிந்த நீர் ஒரு சொட்டு. விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். பிறகு, மண்டியிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, முளையின் விதையிலை ஓரத்தை நக நுனியால் தொடுவதுபோலக் கிள்ளினாள்.

ஒரு கணம் ஒன்றும் இல்லை. பிறகு காயத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி எழும்பிக் கடுகளவாகித் திரண்டு நின்றது.

"பால்!" என்று அலறினான் டிஜோ. ஞானதாசன் அந்தச் சொட்டை விரலில் தொட்டு, பெருவிரலோடு சேர்த்து ஒட்டிப் பிரித்துப் பார்த்துவிட்டு மகளுக்குத் தலையாட்டினார். ரப்பர் பாலை எடுத்த கை; அதில் ஏமாறாது.

"சரி டீச்சர். உண்டு" என்றாள் அபினா. அவ்வளவுதான். பாராட்டும் இல்லை, மன்னிப்பும் இல்லை. ஸ்மைலின் டீச்சருக்கு அது போதுமாக இருந்தது. பதினேழு வருடத்தில் ஒரு பிள்ளை அவள் சொன்ன ஒன்றைச் சொன்னதற்காக இல்லாமல் கண்டதற்காக ஒத்துக்கொண்டது அதுதான் முதல்முறை.

ஞானதாசன் இன்னும் எழுந்திருக்கவில்லை. முளையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பார்த்தார். முப்பது வருடம் மரச்சீனி நட்டவர் மரச்சீனி பிறந்து பார்த்ததில்லை.

"டீச்சர், இதில கிழங்கு விழுமா?"

"தெரியாதுண்ணே."

"தெரியாதா?" அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து அவர் கேட்டதில்லை. "தாய்க்க கிழங்கு போல நாரா இருக்குமோ, நல்லதா இருக்குமோ?"

"அதும் தெரியாது. விதையில வந்தா தாயைப் போலவே இருக்கணும்னு இல்ல. நட்டுப் பிடுங்கித்தான் பாக்கணும்."

"விளையில தென்கிழக்கு மூலை சும்மா கெடக்கு" என்றார் ஞானதாசன், தரையைப் பார்த்துக்கொண்டு.

டீச்சர் அவருடைய கையைப் பார்த்தாள். ஆறு மூடு மரச்சீனியை ஒரே சாயங்காலத்தில் பிடுங்கிய கை.

"நான் நிப்பேன் டீச்சர். அப்பாவத் தொட விடமாட்டேன்" என்றாள் அபினா.

சுவரோரம் நின்ற ஞானதாசனின் பைக்கில் அபினா பின்னால் ஏறி, டப்பாவை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். மாற்றுச் சான்றிதழ் அவள் பல்லுக்கிடையில் இருந்தது. டீச்சர் அதை வாங்கி மடித்து ஞானதாசனின் சட்டைப் பையில் செருகினாள்.

"பிடுங்கும்பம் எனக்ககிட்டச் சொல்லணும். நான் வராம பிடுங்கப்பிடாது."

"பத்து மாசம் ஆவும் டீச்சர்" என்றார் ஞானதாசன்.

"ஆவட்டு."